பெரியப்பாவின் சிங்கப்பூர் கிட்டாருக்கு வயது என்ன, விலை என்ன?

கேள்வி:

"எங்கள் பெரியப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பிய பிறகு கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசித்தார். அவர் காலமான பிறகு, பரணில் இருந்த அவருடைய மின்கிட்டாரை, ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடலை, இறக்கினோம். நெக்கின், அதாவது கழுத்தின், பின்பக்கம், இரும்புத் தகட்டுக்கு மேலே, 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் அதை அடுத்து 6இல் தொடங்கும் ஆறு இலக்க எண்ணும் இருக்கின்றன. பக்கத்தில் இருந்த சின்ன எழுத்துகள் தேய்ந்துவிட்டன. ஒரு கடைக்காரர், 'ஈ6 என்றால் 1986, அமெரிக்கா' என்றார். பழுது பார்க்கும் ஒருவர் நெக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, 'உள்ளே 62 என்று முத்திரை இருக்கிறது, இது 1962, பல லட்சம் போகும்' என்றார். 'சிதம்பரம்' கப்பலில் நாகப்பட்டினத்தில் வந்து இறக்கியதாக அம்மா சொல்கிறார். இப்போது நடு பிக்கப் (கம்பியின் ஒலியைப் பிடிக்கும் காந்தச் சுருள்) பேசவில்லை. வால்யூமைத் திருப்பினால் கரகரக்கிறது. நெக்கின் குறுக்கே உள்ள ஃபிரெட் கம்பிகள் எல்லாம் பச்சை பிடித்திருக்கின்றன. ஒருவர் 12,000 ரூபாய்க்குக் கேட்கிறார். பாலிஷ் போட்டுப் புதிதாக்கி விற்றால் கூடுதல் விலை கிடைக்குமா?"
(மயிலாடுதுறை வாசகர்)

பதில்:

பாலிஷ் போடாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கலாம், இதற்கு மட்டும் உடனே பதில் வேண்டும். மரச்சாமான் பாலிஷ் போடுகிறவரிடம் கொடுத்தால் அவர் முதலில் உப்புத்தாளைத்தான் எடுப்பார். தொழிற்சாலையில் அடித்த மேல்பூச்சு போய்விட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. பழைய கிட்டார் சந்தையில், திரும்ப வர்ணம் அடித்த கிட்டாருக்கு அசல் பூச்சுள்ள கிட்டாரின் விலையில் ஏறத்தாழப் பாதிதான் கிடைக்கும். கீறலும் மங்கலும் சிராய்ப்பும் அப்படியே இருக்கட்டும். வாங்குகிறவர் அதையும் பார்த்துத்தான் இது கைபடாத கருவி என்று நம்புவார்.

அடுத்து வயது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது 1962 கிட்டாரும் இல்லை, அமெரிக்கக் கிட்டாரும் இல்லை. 1984க்கும் 1987க்கும் இடையில் ஜப்பானில் செய்த ஃபெண்டர். அசலாக இருந்தால் நல்ல கருவி. 12,000 என்பது அடிமாட்டு விலை.

எப்படிச் சொல்கிறேன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன், நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு விஷயத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் ஏகாண்ட வீணையை ஒரே பலாக்கட்டையில் குடைந்து எடுக்கிறார்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் அப்படிப்பட்டதல்ல. உடல் ஒரு கட்டை, நெக் ஒரு கட்டை, இரண்டையும் நான்கு திருகுகள் பிடித்திருக்கின்றன. பிக்கப், சுவிட்ச், குமிழ், உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை. பத்து நிமிடத்தில் ஒரு கிட்டாரின் நெக்கை இன்னொன்றில் மாட்டிவிடலாம். அதனால் ஒரு எண்ணை மட்டும் படித்து மொத்தக் கருவிக்கும் வயது சொல்லக் கூடாது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியே வயது பார்த்து, எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைக்காரர் சொன்ன 'ஈ6' கணக்கு அமெரிக்க வரிசைக்கு உரியது. ஃபெண்டர் 1976இன் கடைசியிலிருந்து எண்ணை ஹெட்ஸ்டாக்கில், அதாவது கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதியில், அச்சிட்டது. எழுபதுகளுக்கு 'எஸ்', எண்பதுகளுக்கு 'ஈ', தொண்ணூறுகளுக்கு 'என்', 2000களுக்கு 'இசட்'. எழுத்தை அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். விதி இவ்வளவுதான், ஆனால் அமெரிக்கக் கிட்டாரிலேயே இது பிசகும். எண் அச்சிட்ட ஒட்டிகளை மொத்தமாக அடித்து வைத்துக்கொண்டு ஆண்டு தாண்டியும் ஒட்டினார்கள். 'ஈ4' என்ற எண் 1984க்குப் பிறகு பல ஆண்டுகள் வந்துகொண்டே இருந்தது. 1985இல் அதுவரை உரிமையாளராக இருந்த சிபிஎஸ் நிறுவனத்திடமிருந்து ஊழியர்களும் முதலீட்டாளர்களும் சேர்ந்து ஃபெண்டரை வாங்கியபோது அதன் அமெரிக்கத் தொழிற்சாலையான புல்லர்டன் அந்த விற்பனையில் சேரவில்லை. அடுத்த சில காலம் அமெரிக்காவில் உற்பத்தி மிகக் குறைவு. கடைகளுக்குப் போன கிட்டார்களில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்தவை. ஆகவே '1986, அமெரிக்கா' என்பது அந்தக் காலத்தின் நிலவரத்தோடே பொருந்தவில்லை.

ஜப்பானில் ஃபெண்டர் 1982இல் தொடங்கியது. மட்சுமோட்டோ நகரத்து ஃபுஜிஜென் காக்கி தொழிற்சாலைதான் செய்து கொடுத்தது. முதல் வரிசை எண்கள் 'ஜேவி' என்று தொடங்கும். பிறகு 'எஸ்க்யூ'. 1984 முதல் 1987 வரை 'ஈ' எழுத்தும் ஆறு இலக்கமும். இந்த ஜப்பான் வரிசையில் 'ஈ'க்குப் பக்கத்து இலக்கம் ஆண்டைக் குறிக்காது. குழப்பமே இங்கேதான். அமெரிக்க 'ஈ' எண்ணும் ஜப்பானிய 'ஈ' எண்ணும் எழுதிப் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது எண் இருக்கும் இடம். அக்கால அமெரிக்க ஸ்ட்ராட்டோகாஸ்டரில் எண் ஹெட்ஸ்டாக்கின் முகத்தில் இருக்கும். பழைய மாடலின் மறுபதிப்பாக இருந்தால் தகட்டில் 'வி' எழுத்தோடு இருக்கும். நெக்கின் பின்பக்கம், தகட்டை ஒட்டி எண் வருவது ஜப்பானிய வழக்கம். உங்கள் கடிதத்தில் இருந்த மிக முக்கியமான தகவல் அதுதான்.

தேய்ந்துபோன சின்ன எழுத்து பெரும்பாலும் 'மேட் இன் ஜப்பான்'. உள்ளங்கை உரசும் இடம் என்பதால் வியர்வையில் அழிந்திருக்கும். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சை நெக்கின் மேல் படுத்தாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். மை போனாலும், எழுத்து இருந்த இடத்தில் வார்னிஷின் மினுமினுப்பு கொஞ்சம் மாறியிருக்கும். இரண்டு மூன்று எழுத்தின் வடிவமாவது தெரியும். ஈரத்துணியால் துடைத்துப் பார்க்க வேண்டாம். மிச்சம் இருப்பதும் போய்விடும்.

இப்போது அந்த '62'. இதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள், ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஜப்பான் ஃபெண்டர் 1962ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வடிவத்தைத் திரும்பச் செய்து, அதற்கு எஸ்டி-62 என்று மாடல் பெயர் வைத்தது. 1957 வடிவத்துக்கு எஸ்டி-57, 1972 வடிவத்துக்கு எஸ்டி-72. நெக்கின் அடியில் உள்ள முத்திரை மாடலின் பெயர், செய்த ஆண்டு அல்ல. உண்மையான 1962 நெக்கின் முத்திரை வேறு மாதிரி இருக்கும். 1962 மார்ச்சிலிருந்து ஃபெண்டர், மாடல் குறி, மாதம், ஆண்டு, கடைசியில் நட் (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் படியும் பட்டை) அகலத்துக்கான எழுத்து என்று ஒரே வரியில் முத்திரை குத்தியது. '2 அக்டோபர் 62 பி' என்பது போல (முதலில் உள்ள 2 தேதி அல்ல, மாடல் குறி), மாதப் பெயர் மூன்றெழுத்துச் சுருக்கமாக. மாதம் இல்லாமல் வெறும் 62 என்றால் அது ஆண்டு இல்லை. போதாக்குறைக்கு, 1962 கிட்டாரில் வரிசை எண் தகட்டிலேயே வெட்டியிருக்கும், 'ஈ' எழுத்து வரவே வராது.

பழுது பார்த்தவர் ஏற்கெனவே ஒருமுறை நெக்கைக் கழற்றியிருக்கிறார். இன்னொரு முறை கழற்றித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் படம் எடுக்க வேண்டும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் எல்லாக் கம்பிகளையும் தொளதொளவென்று ஆகும்வரை தளர்த்துங்கள். இறுக்கத்தோடு நெக்கைக் கழற்றினால் கடைசித் திருகு வரும்போது நெக் விசுக்கென்று நிமிர்ந்து மரத்தின் ஓரத்தைச் சிதறவைக்கும். பிறகு தகட்டில் உள்ள நான்கு திருகுகள். திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தி, ஆடாமல் நிற்கும் ஸ்குரூ டிரைவர் வேண்டும். ஜப்பான் திருகின் சிலுவைப் பள்ளம் நாம் வழக்கமாக வைத்திருக்கும் முனைக்கு முழுதாகப் பொருந்தாது. அழுத்தம் குறைந்தால் வழுக்கித் தலை மழுங்கிவிடும். நன்றாக மேலிருந்து அமுக்கி, மெதுவாகத் திருப்புங்கள். ஒரு அட்டையில் நான்கு ஓட்டை போட்டு, எந்த மூலைத் திருகு எதுவோ அந்த மூலையிலேயே குத்தி வையுங்கள். நெக்குக்கும் உடலுக்கும் நடுவில் காகிதத் துண்டோ மெல்லிய தகடோ இருந்தால் தூர எறியாதீர்கள். கம்பியின் சாய்வைச் சரிசெய்ய வைத்தது அது.

நெக்கின் அடிப்பகுதி, அது உட்காரும் உடலின் பள்ளம் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். முத்திரை, பென்சில் எழுத்து, ரப்பர் ஸ்டாம்பின் நிறம் எதையும் விட வேண்டாம். பள்ளத்தின் ஓரங்களைக் கூர்ந்து பாருங்கள். வெளியே உள்ள நிறத்துக்கு அடியில் வேறொரு நிறம் கோடாகத் தெரிந்தாலோ, திருகு ஓட்டைக்குள் வர்ணம் வழிந்து இறுகியிருந்தாலோ, யாரோ பிறகு வர்ணம் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். திரும்ப மாட்டும்போது திருகை நேரே இறுக்கக் கூடாது. முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். ஒரு இடத்தில் 'டக்' என்று விழும். அதுதான் பழைய புரி. அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் அதே புரியில் ஏறும். இதைச் செய்யாமல் ஒவ்வொரு முறையும் புதுப் புரி வெட்டினால் மரம் தூளாகி, திருகு பிடிக்காமல் போய்விடும்.

அடுத்தது பிக்கார்டு, அதாவது பிக்கப்புகளைத் தாங்கி நிற்கும் வெள்ளைப் பலகை. 62 வடிவத்தில் அதற்கு 11 திருகுகள், 57 வடிவத்தில் 8. எண்ணிப் பாருங்கள். 11 என்றால் முத்திரையோடு பொருந்துகிறது. அதை முழுவதும் பிரித்தெடுக்க வேண்டாம், கேபிள் செருகும் ஜாக்குக்குப் போகும் ஒயர் இழுபட்டு அறுந்துவிடும். திருகுகளை எடுத்துவிட்டு ஒரு புத்தகத்தைத் திறப்பதுபோல் தூக்கி, அடியில் ஒரு துணியை வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வால்யூம் கன்ட்ரோல்களின் முதுகைப் பாருங்கள். அமெரிக்கப் பாகமாக இருந்தால் அதில் ஏழு இலக்கக் குறி இருக்கும். முதல் மூன்று இலக்கம் செய்த நிறுவனம். 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி இரண்டு வாரம். 1376632 என்றால் சிடிஎஸ், 1966, 32ஆவது வாரம். ஐம்பதுகளின் பாகத்தில் ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான் இருக்கும், மொத்தம் ஆறு. இந்தக் குறி 'இதற்கு முன் இந்தக் கிட்டார் பிறந்திருக்க முடியாது' என்பதை மட்டும்தான் சொல்லும். ஃபெண்டர் 1966இல் இந்தப் பாகங்களை மொத்தமாக வாங்கி, அடுத்த சில ஆண்டுகள் வரை பயன்படுத்தியது. எனவே 66 என்று குறி உள்ள கிட்டார் 1969ஆகவும் இருக்கலாம். உங்களுடையதில் இந்தக் குறியே இருக்காது என்று எதிர்பார்க்கிறேன். ஜப்பானிய கன்ட்ரோல்கள் வேறு குறியோடு, பெரும்பாலும் அளவிலும் சின்னதாக இருக்கும். அதுவும் ஒரு சாட்சி. மாறாக, பளபளவென்று புதிய ஈயப் பற்றும் வேறு நிற ஒயரும் தெரிந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். திருவிழா மேடையில் வாசித்த கிட்டாரில் இது சகஜம். பெரியப்பா மாற்றியிருந்தால் பழைய பாகத்தை டப்பாவில் போட்டு வைத்திருப்பார். பெட்டியின் சின்ன அறை, அவருடைய கருவிப்பெட்டி, மேசை இழுப்பறை எல்லாம் தேடுங்கள். பழைய பிக்கப் ஒன்று கிடைத்தால் விலையில் நல்ல வித்தியாசம் தெரியும். பிரிட்ஜில் மாட்டிச் சுருதியை அசைக்கும் டிரெமலோ கைப்பிடியும் அங்கேதான் கிடக்கும். கிடைக்காவிட்டால் கடையில் ஏதோ ஒன்றை வாங்கி முறுக்கிப் போடாதீர்கள். ஜப்பானிய பிரிட்ஜின் புரி மெட்ரிக் அளவு, அமெரிக்கக் கைப்பிடியின் புரி வேறு. வலிந்து திருகினால் உள்புரி அழிந்துவிடும்.

நடு பிக்கப் பேசாததற்கு வருகிறேன். இதைக் கழற்றாமலே சோதிக்கலாம். கிட்டாரில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாக வையுங்கள். கேபிளின் மறுமுனையில் நுனியில் ஒரு கம்பியும், தண்டில் ஒரு கம்பியுமாக மல்டிமீட்டரை வையுங்கள். மீட்டர் 20 கிலோ ஓம் நிலையில் இருக்கட்டும். சுவிட்ச் முதல் நிலையில் இருக்கும்போது சுமார் 5.5 முதல் 6.5 வரை காட்ட வேண்டும். இரண்டாம் நிலையில் இரண்டு பிக்கப் சேர்ந்து பேசுவதால் அதில் பாதி, மூன்று சொச்சம். மூன்றாவது நிலை நடு பிக்கப் மட்டும். அங்கே மீட்டர் எல்லை தாண்டிவிட்டது என்று காட்டினால், அளவை 2 மெகா ஓமுக்கு மாற்றுங்கள். 250 கிலோ ஓமுக்கோ 500 கிலோ ஓமுக்கோ (மீட்டரில் 0.25 அல்லது 0.5) பக்கத்தில் ஒரு எண் வந்தால், நீங்கள் அளப்பது வால்யூம் கன்ட்ரோலை மட்டும், பிக்கப்பின் சுருள் அறுந்திருக்கிறது அல்லது இணைப்பு விட்டிருக்கிறது. இரண்டாம், நான்காம் நிலைகளிலும் மூன்றுக்குப் பதில் ஆறு காட்டினால் சந்தேகமே இல்லை. ஆனால் சுவிட்சில் அழுக்கு அடைந்தாலும் இதே அறிகுறிதான் வரும். ஆகவே சுவிட்சை முப்பது முறை முன்னும் பின்னும் தள்ளிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். கடைசியாக, பிக்கப்பிலிருந்து வரும் இரண்டு ஒயரிலேயே நேராக அளந்தால் முடிவு தெரிந்துவிடும்.

நம் வட்டாரத்தில் பிக்கப் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் காற்று. சுருளில் ஓடும் செப்புக் கம்பி தலைமுடியை விட மெல்லியது, 0.06 மில்லிமீட்டர்தான். அதன் நடுவே இரும்பு கலந்த காந்தங்கள் நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகை ஈரமும் நாகை, காரைக்கால் பக்கத்து உப்புக் காற்றும் காந்தத்தில் துருவைக் கிளப்பும். துரு பக்கத்தில் உள்ள கம்பியை அரிக்கும். ஒரு இடத்தில் அறுந்தால் போதும், பிக்கப் ஊமையாகிவிடும். அதைத் தூக்கி எறிந்து புது பிக்கப் போடச் சொல்வார்கள். வேண்டாம். அதே சட்டத்தில் திரும்பச் சுருள் சுற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். விற்கப் போகிறீர்கள் என்றால் அதுவும் வேண்டாம், 'நடு பிக்கப் பேசவில்லை' என்று சொல்லி அப்படியே விற்கலாம். வாங்குகிறவர் தன் விருப்பப்படி செய்துகொள்வார்.

வால்யூம் கரகரப்புக்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை கன்ட்ரோலின் பக்கத்தில் உள்ள சிறு திறப்பில் ஒருமுறை அடித்து, குமிழை இருபது தடவை திருப்புங்கள். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் இரண்டும் கூடாது. இரண்டு நாள் சரியாக இருப்பதுபோல் தெரியும், பிறகு தூசியைப் பிடித்து முன்பை விட மோசமாகும். ஃபிரெட்டில் இருப்பது களிம்பு. ஃபிரெட் கம்பியில் செம்பு கலந்திருப்பதால் பித்தளைக் குத்துவிளக்கில் பிடிப்பதுபோல் பச்சை பிடிக்கும். அதற்காகப் புளியையும் எலுமிச்சையையும் எடுத்துவிடாதீர்கள். அமிலம் ஃபிரெட்டின் அடியில் மரத்துக்குள் இறங்கும். இருபக்கமும் மரத்தில் காகித டேப் ஒட்டிவிட்டு, பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தாலே பெரும்பகுதி போய்விடும். இரும்புப் பஞ்சு பயன்படுத்தினால் பிக்கப் மேல் டேப் ஒட்டி மூடியே ஆக வேண்டும். இரும்புத் துகளைக் காந்தம் இழுத்துக்கொண்டு விடாது.

நெக் வளைந்திருக்கிறதா என்பதைப் பார்ப்பதும் விலைக்கு முக்கியம். சித்திரை வெயிலில் ஓட்டுக்கு அடியில், பரணில் வெந்த கருவி இது. கம்பியைச் சுருதிக்கு ஏற்றுங்கள். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃபிரெட் பக்கத்தில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் நெக் நலம். ஒரு ரூபாய் நாணயமே நுழைந்தால் முன்வளைவு அதிகம். நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டான டிரஸ் ராடை இறுக்கிச் சரிசெய்ய முடியும். இந்த மாடலில் அதன் முனை நெக்கின் அடியில் இருப்பதால் நெக்கைக் கழற்றித்தான் திருப்ப வேண்டும், ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. ஏற்கெனவே இறுகி நின்று, அதற்கு மேல் திரும்பாவிட்டால் வலிய வேண்டாம். ராடு முறிந்தால் நெக்கே வீண். அடுத்து, ஹெட்ஸ்டாக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்து உடலை நோக்கிப் பாருங்கள். நட்டும் பிரிட்ஜும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரியாமல் கயிற்றுக்கட்டில்போல் முறுக்கித் தெரிந்தால், அது சரிசெய்யக் கடினமான குறை.

அம்மா சொன்ன கப்பல் கதைக்கு வருவோம். இப்படிப்பட்ட வீட்டுச் செய்திகளை ஒதுக்கக் கூடாது, அவையும் ஆதாரம்தான். ஆனால் தேதியோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். 'சிதம்பரம்' கப்பல் 1972 முதல் சிங்கப்பூர்ப் பயணத்தில் இருந்தது. 1985 பிப்ரவரியில் தீ விபத்துக்கு உள்ளானது, அதோடு அதன் பயணிகள் ஓட்டம் முடிந்துபோயிற்று. உங்கள் கிட்டாரின் எண் வரிசை 1984இல்தான் தொடங்குகிறது. ஆகவே கப்பலில் வந்தது உண்மையானால் கிட்டார் வரிசையின் தொடக்க காலத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், அதற்கு இருந்த காலமோ மிகக் குறைவு. பெரியப்பா முதல் பயணம் கப்பலில் போய்வந்து, கிட்டாரை அடுத்த விடுமுறையில் விமானத்தில் கொண்டுவந்திருக்கலாம். இரண்டு பயணமும் வீட்டார் நினைவில் ஒன்றாகியிருக்கும். அவருடைய பழைய பாஸ்போர்ட்டில் குடியேற்ற முத்திரைகளைப் பாருங்கள். சுங்கத்தில் கட்டிய ரசீது கிடைத்தால் இன்னும் நல்லது. அன்றைக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை, வெளிநாட்டுக் கிட்டாருக்கு வரி கட்டிய தாளைப் பலர் பத்திரமாக வைத்திருந்தார்கள். திருமண ஆல்பங்களில் மேடைக் கச்சேரிப் படம் இருந்தால் அதையும் எடுங்கள். அந்தத் திருமணத் தேதிக்கு முன்பே கிட்டார் இங்கே வந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி. படத்தில் பிக்கார்டின் நிறம், குமிழ்களின் நிறம் இன்றுள்ளதோடு ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேறு பெயருள்ள பழைய கிட்டார் வைத்திருக்கும் வாசகர்களுக்காகச் சுருக்கமாக இரண்டொரு வார்த்தை. கிப்சனில் 1977 முதல் எட்டு இலக்கம். முதலாவதும் ஐந்தாவதும் சேர்ந்தால் ஆண்டு, நடுவில் உள்ள மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 82766501 என்றால் 1986, 276ஆவது நாள், அதாவது அக்டோபர் 3. ஐபனேஸில் 1975 முதல் 1987 வரை முதல் எழுத்து மாதம், 'ஏ' ஜனவரி, 'எல்' டிசம்பர். அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. ஹெட்ஸ்டாக்கில் பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். கிப்சன் என்று நினைத்துப் பலர் வைத்திருப்பது கிவ்சன், கொல்கத்தாவில் செய்தது. வாசிக்கப் பழக அதுவும் கருவிதான், ஆனால் விலை சில ஆயிரங்களில் நின்றுவிடும்.

இனி விலை. விளம்பரத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஆசைக்கு யாரும் எதையும் கேட்கலாம். பழைய கிட்டார் விற்கும் இணையச் சந்தைகளில் 'விற்றுமுடிந்தவை' என்று தனியே பார்க்க முடியும். அங்கே உங்கள் எண் வரிசை, உங்கள் மாடல், 'ஜப்பான்' என்று தேடி, கைமாறிய ஐந்தாறு விலைகளை எழுதிக்கொள்ளுங்கள். கூடவே, மெக்சிகோவில் செய்த புது ஸ்ட்ராட்டோகாஸ்டர் இன்று சென்னை அண்ணா சாலைக் கடைகளில் என்ன விலை என்று கேளுங்கள். எல்லாப் பாகமும் அசலாக, நல்ல நிலையில் உள்ள 1980களின் ஜப்பான் ஃபெண்டருக்கு அந்த விலையை ஒட்டிக் கேட்பது நியாயம். அதுதான் உங்கள் மேல்வரம்பு. அங்கிருந்து கழித்துக்கொண்டு வாருங்கள். நடு பிக்கப் ஊமை, ஆனால் அசல்: பத்தில் ஒரு பங்கு. அதுவே வேறு பிக்கப் மாற்றியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. ஃபிரெட்டுகள் தட்டையாகத் தேய்ந்து புதிதாக அடிக்க வேண்டியிருந்தால், அந்த வேலைக்கான கூலி முழுவதும். வர்ணம் மாற்றியது தெரிந்தால் பாதி. நெக் முறுக்கு என்றால் விலை பேசவே வேண்டாம், பாகங்களாகப் பிரித்து விற்பதுதான் வழி. அசல் பெட்டி, கைப்பிடி, ரசீது இருந்தால் கொஞ்சம் கூடும். மேடைப் படங்கள் வாங்குகிறவருக்கு நம்பிக்கை தரும், ஆனால் அதற்காகத் தனியே பணம் கொடுக்க மாட்டார். அந்தப் படங்களின் பிரதியை மட்டும் கொடுங்கள், மூலத்தை வீட்டிலேயே வையுங்கள்.

எஸ்டி-62இலேயே பல தரம் உண்டு. மாடல் பெயரின் கடைசி எண் ஜப்பானில் அன்றைய பட்டியல் விலை, ஆயிரம் யென் கணக்கில். எஸ்டி62-65 என்றால் 65,000 யென், எஸ்டி62-115 என்றால் 1,15,000 யென். பின்னது மேல்தரம், அதற்கு விலையும் அதிகம். பழைய ரசீதிலோ பெட்டியில் ஒட்டிய சீட்டிலோ இந்த எண் கிடைத்தால் அந்தச் சீட்டை உரிக்காமல் அப்படியே விடுங்கள்.

அதுவரை கிட்டாரைப் பரணில் ஏற்ற வேண்டாம். கரையான் முதலில் பெட்டியின் பிளைவுட்டைத்தான் பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பெட்டியின் உள்துணியை ஓரத்தில் அழுத்திப் பாருங்கள், பொக்கென்று அமுங்கினால் பெட்டியை மாற்றுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடலாம். அந்துருண்டை கூடாது, அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காமல், உள்சுவர் பக்கம் ஒரு பெஞ்சின் மேல் வையுங்கள். கம்பிகளை முழுதாகத் தளர்த்தாமல் ஒரு சுரம் இறக்கி வைத்தால் போதும்.

12,000 கேட்டவருக்கு இரண்டு வாரம் கழித்துப் பதில் சொல்வதாகச் சொல்லுங்கள். அதற்குள் ஏழு படங்கள் தயாராக வேண்டும்: முன்பக்கம், பின்பக்கம், ஹெட்ஸ்டாக், நெக்கின் பின்னுள்ள எண், நெக்கின் அடிமுத்திரை, உடலின் பள்ளம், பிக்கார்டின் அடிப்பக்கம். இந்த ஏழையும் காட்டி, பேசாத பிக்கப்பையும் மறைக்காமல் சொல்லி விலை கேட்டால், விவரம் தெரிந்தவர் யாரும் 12,000 சொல்ல மாட்டார். முன்பணம் வாங்காமல் கிட்டாரை 'பார்த்துவிட்டுத் தருகிறேன்' என்று யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். இந்தக் கருவியில் நெக்கை மாற்றிப் போட நான்கு திருகு போதும்.